மயிலும் ஜீனோவும்

திருச்சி

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. "இப்பத்தான் நல்லாத் தெரியுதே" என்று நீயே டாக்டராகிவிடாதே. சின்னவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அதனால்தானோ என்னவோ, ஞாயிறு வாசிப்புக் கூட்டத்தில் ஒரேயடியாக மூழ்கிவிட்டேன். காப்பியத்தையும் விஞ்ஞானக் கதையையும் சேர்த்துப் படிப்பது பாயசத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்வது மாதிரி என்று எழுதியிருந்தாயே, கொஞ்சம் பொறு. இந்த மாதம் சீவக சிந்தாமணியில் முதல் பகுதியான நாமகள் இலம்பகம், கூடவே சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'.

கல்லூரியில் சீவகனின் எட்டுக் கல்யாணத்தைச் சொல்லிச் சிரித்ததோடு சிந்தாமணியை மூடிவிட்டோம். மயிற்பொறியை யாரடி ஒழுங்காகப் படித்தோம்? சீவகனின் தாய் விசயை கெட்ட கனவு காண்கிறாள். அசோக மரம் சாய்கிறது. அதன் அடியிலிருந்து முடி சூடிய முளை ஒன்று எழுகிறது. தன் முடிவு நெருங்கிவிட்டது என்று அவள் கணவன் சச்சந்த ராஜாவுக்குப் புரிகிறது. உடனே தச்சனைக் கூப்பிட்டு மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறி செய்யச் சொல்கிறான். துணிக் கிழிசல், பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று சாமான் பட்டியலே தருகிறார் திருத்தக்க தேவர். ஏழு நாளில் மயில் தயார். விசையை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்து ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். அந்தக் 'கால் குவித்து' என்ற இடத்தில் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அரண்மனை மாடத்துக்கும் சோலைக்கும் மேலே சில நாள் மெல்ல மெல்ல ஓட்டிப் பழக்கியும் விடுகிறான் ராஜா. கர்ப்பிணிப் பெண்ணுக்கு விமானப் பயிற்சி!

பெல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வருகிறான். "ஏற, இறங்க வழி இருக்கு, சரி. திரும்புறதுக்கு என்ன செய்வாங்க? மெழுகு வெயில்ல உருகாதா?" என்று பிடித்துக்கொண்டான். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், "உங்க கம்பெனியில ஏழு நாள்ல ஒரு டெண்டராவது முடியுமா தம்பி?" என்றாரே பார்க்கலாம்!

இயந்திராவிலும் தொடக்கத்திலேயே பிள்ளைப் பேச்சுதான். பிள்ளை பெற்றுக்கொள்ள நாயகி நிலாவுக்கு அரசாங்க அனுமதி வருகிறது. அங்கே பிறக்கப்போகும் பிள்ளையைக் காப்பாற்ற ராஜா பொறி செய்கிறான். இங்கே அது பிறக்கலாமா என்பதையே ஆட்சி முடிவு செய்கிறது. மயில் திருகினால்தான் அசையும். இயந்திராவில் வரும் ரோபோ நாய் ஜீனோவோ புத்தகம் படித்து எதிர்வாதம் பண்ணும். எனக்கு உறுத்தியது வேறொன்று. ராஜாவை வீழ்த்தி ஆட்சியைப் பறித்த மந்திரி கட்டியங்காரனின் முரசு கேட்டு விசயை சோர்ந்துபோக, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது, சீவகன் பிறக்கிறான். அதோடு மயிலின் வேலை முடிந்தது. இன்னொரு மயில் செய்து படை திரட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜீனோ மாதிரி ஒன்று வந்துவிட்டாலோ ஊரே மாறியாக வேண்டும், அதுதான் விஞ்ஞானக் கதை. காப்பியத்துக்கு ஓர் உயிர் தப்பினால் போதும். வாத்தியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சச்சந்தனின் தலைநகர் ராசமாபுரத்து மதில்மேல் இருந்த 'நூற்றுவரைக்கொல்லி' என்ற பொறியைக் காட்டி, "கொல்றதுக்கு மட்டும் அப்பவே நிறைய செஞ்சு வெச்சிருந்தான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உ.வே.சா. சிந்தாமணியை 1887-இல் அச்சிடுமுன், கும்பகோணத்து ஜைனர்களிடம் பாடம் கேட்கப் போயிருக்கிறார். ஒரு நாள் அங்கே ஒரு வீட்டில் தோரணமும் கோலமுமாக இருந்ததாம். என்ன விசேஷம் என்று கேட்டால், மாதக்கணக்காகப் படித்துவந்த சிந்தாமணி அன்றைக்குப் பூர்த்தியாம்! நாங்களும் முடிக்கிற அன்றைக்குத் தோரணம் கட்டுவதாக இருக்கிறோம். 3,000 பாட்டுக்கு மேல் இருக்கிறது, அதுவரை வாத்தியார் பொறுமை தாங்க வேண்டும்.

அடுத்து பெருங்கதை என்ற பழைய காப்பியம். அதன் நாயகன் உதயணனைப் பிடிக்க அனுப்பிய இயந்திர யானைக்காக அதை எடுத்திருக்கிறோம். அதற்கு ஜோடியாக எந்த விஞ்ஞானக் கதை வைக்கலாம், நீ சொல்.

ஒரு உதவி வேண்டும். 1980-களில் விகடனில் இயந்திரா தொடராக வந்தபோது உன் அண்ணன் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தாரே, அது இன்னும் பரணில் இருக்கிறதா? இருந்தால் தையில் வரும்போது எடுத்து வா. செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
சாரதா