எந்த கிளாக்கஸ்?

கிரேக்கப் புராணக் கதைகளைத் தமிழில் எழுதுகிற, மொழிபெயர்க்கிற, தொகுக்கிற அன்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் அக்கா மகளுக்கு ஒரு கதைத் தொகுப்பை வாசித்துக் காட்டினேன். எலியைத் துரத்திப் போய்த் தேன் ஜாடிக்குள் விழுந்து செத்த கிளாக்கஸ், பிழைத்தெழுந்து, சில பக்கம் தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ட்ராய் போருக்கும் போய்விட்டான். "ராஜா மகன் ஏன் மீன் பிடிக்கப் போனான்?" என்று கேட்டாள். அவன் போகவே இல்லை என்பதுதான் பதில்.

ஜாடிக்குள் விழுந்தவன் கிரீட் மன்னன் மினோஸின் மகன். பாலியிடஸ் என்ற குறிசொல்லியைப் பிணத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்து, உயிரோடு திருப்பிக் கொடு என்றான் மினோஸ். உள்ளே வந்த பாம்பு ஒன்றை அவர் அடித்துக் கொன்றார். இன்னொரு பாம்பு பச்சிலை கொண்டுவந்து அதன் மேல் வைத்தது. செத்த பாம்பு அசைந்தது. அதே பச்சிலை பையனையும் எழுப்பியது.

மீனவன் வேறு ஆள். பியோஷியாவின் ஆந்தெடான் ஊர்க்காரன். பிடித்துப்போட்ட மீன்கள் புல்லில் பட்டதும் துள்ளிக் கடலுக்குள் போவதைப் பார்த்து, அந்தப் புல்லைத் தானும் மென்றான், கடல் தெய்வமாகிவிட்டான். இரண்டு கதையிலும் மூலிகை வருவதால் தொகுத்தவர் குழம்பியிருக்கலாம். அதுவரை மன்னிக்கலாம்.

ட்ராய்க்குப் போனவன் மூன்றாமவன், லிசியா நாட்டு வீரன். 100 மாடு பெறும் பொற்கவசத்தை எதிரணி கிரேக்க வீரன் டயோமிடிஸிடம் கொடுத்து, 9 மாடு பெறும் வெண்கலக் கவசத்தை வாங்கிக்கொண்ட புண்ணியவான். அதற்குச் சற்று முன்புதான் தன் குலவரிசையைச் சொல்கிறான்: சிசிபஸ், கிளாக்கஸ், பெல்லரோஃபோன், ஹிப்போலோக்கஸ், பிறகு தான். கொள்ளுத்தாத்தாவும் கிளாக்கஸ்! தான் வளர்த்த குதிரைகளுக்கே இரையானவர் அவர். தாத்தா பெயரைச் சுமப்பவனைப் 'பேரன்' என்று அழைக்கும் நமக்கு இது புரியாதா என்ன?

கிரேக்கர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. ஏஸ்கிலஸ் கிளாக்கஸ் பெயரில் இரண்டு நாடகம் எழுதினார். கடல் கிளாக்கஸ், (குதிரைகளுக்கு இரையான) போட்னியாய் ஊர் கிளாக்கஸ் என்று அடைமொழியால்தான் பிரித்தறிகிறோம். நம்மிடமும் பாண்டிய மன்னர்களை இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று செத்த இடத்தை வைத்துப் பிரித்த மரபு உண்டு. ஆகவே என் வேண்டுகோள் சின்னதுதான். பெயர் முதலில் வரும் இடத்தில் அப்பா பெயரையோ ஊரையோ சேர்த்து எழுதுங்கள். அடிக்குறிப்புக்கு அனுப்பாதீர்கள்; அங்கே யாரும் போவதில்லை.

இல்லாவிட்டால் ஒருவர் பழி இன்னொருவர் தலையில் விழும். அதீனா கோயிலில் தஞ்சமடைந்த ட்ராய் இளவரசி கஸாண்ட்ராவை இழுத்துப் போனவன் ஓய்லியஸ் மகன் அஜாக்ஸ். ஓட்டப் பந்தயத்தில் மாட்டுச் சாணியில் வழுக்கி, வாயெல்லாம் சாணியோடு எழுந்தவனும் அவனே. ஏழு மாட்டுத்தோல் கேடயம் ஏந்திய டெலமோன் மகன் அஜாக்ஸ் பாவம், இதில் எதிலும் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில், 5ஆம் காண்டத்தில் மெனலாஸ் கையால் சாகும் பிலேமெனீஸ், 13ஆம் காண்டத்தில் மகன் பிணத்தின் பின்னால் அழுதுகொண்டு நடக்கிறார். அது ஹோமர் அசந்த இடம் என்றே நினைக்கிறேன். 'இவர் வேறு பிலேமெனீஸ்' என்று பழைய உரைகாரர்கள் சமாளித்துப் பார்த்திருக்கிறார்கள். தயவுசெய்து அவரை மட்டும் இரண்டாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்