ஆங்கில ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சக ஆசிரியர்களே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழக்கம்போல் மலையக நகரான அட்டனில் நடந்தன. கடும் மழையில் பஸ் ஓடாத மாதம் மட்டும் கூட முடியவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நமது வேலையில் பெரும்பகுதி, ஆங்கிலப் பாடவேளையில் கவிதையைச் சத்தமாக வாசிக்க வைப்பதிலேயே சென்றது. அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு. ஆங்கில இலக்கிய நயமோ சங்கீதம், சித்திரம், நடனம், தமிழ் இலக்கிய நயம் ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் இருக்கும் தெரிவுப் பாடம். கற்பிக்க ஆளில்லாத தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அந்தத் தெரிவு பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை. எஞ்சுவது பழைய வினாத்தாள்கள்தான். இடைவெளியைச் சரியாக நிரப்பும் பிள்ளை, எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லத் தயங்குகிறது. இலக்கியம் தனிப் பாடமாக வரும்வரை காத்திருக்க வேண்டாம், மொழிப் பாடத்துக்குள்ளேயே கொண்டுபோவோம் என்று முதல் கூட்டத்தில் முடிவெடுத்தோம்.

ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் கழுகுக் கவிதையிலிருந்து தொடங்கினோம். மொத்தம் ஆறே வரி. முதல் மூன்றுக்கு ஓர் இயைபு, அடுத்த மூன்றுக்கு வேறோர் இயைபு. ஒரு தரம் 10 வகுப்பில் முதல் வரியை வாசித்ததும், “இது மோனைதானே, டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். தமிழ்ப் பாடத்தில் படித்தது அங்கே கைகொடுத்தது. அந்த வரியில் வரும் ‘கிளாஸ்ப்ஸ்’ (பற்றிக்கொள்கிறது) என்ற சொல்லின் கடைசி மெய்களை விழுங்காமல் சொல்ல, வரிசை வரிசையாகப் பலமுறை வாசித்தார்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது கடல் சுருங்கி ஊர்வதாகக் கவிஞர் சொல்லும் இடத்தில், கடலையே பார்த்திராத ஒரு மாணவி, காலையில் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே பள்ளத்தில் பனி நகர்வதும் அப்படித்தான் என்றாள். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னோம். இலக்கணம் தடுமாறியது, ஆனால் வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். நான் கேட்க விரும்பும் ஆங்கிலம் அதுதான்.

அப்புறம் சி. வி. வேலுப்பிள்ளையிடம் வந்தோம். 1914இல் வட்டகொடைப் பக்கம் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலை நாடாளுமன்ற உறுப்பினரானவர், தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே நெடுங்கவிதை எழுதியிருக்கிறார் என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. ஆங்கில இலக்கியம் வெளியூர்க்காரர்களுடையது என்ற எண்ணம் அந்த ஒரு பாடவேளையிலேயே தளர்ந்தது. அந்தக் கவிதையின் பகுதிகளை வாசித்த பிறகு, காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தையும் கொழுந்து நிறுக்கும் நேரத்தையும் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி எழுதி வரச் சொன்னோம். ஒரு மாணவன் தன் அம்மாயியின் கூடைக் கயிறு நெற்றியில் பதித்த தழும்பைப் பற்றி எழுதியிருந்தான். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து எழுதும் எதிலும் அந்தத் தழும்பு வராது.

ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. தரம் 6 முதல் 11 வரை ஒருவரே பார்க்கும் பாடசாலைகள் நம்மிடையே உண்டு. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்த இளம் ஆசிரியர்கள் விடுமுறை நாளிலும் வந்து நாடக வாசிப்பு நடத்தினார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. இடமாற்றம் வரும்போது அவர்கள் இடத்துக்கு ஆள் வராமலே வகுப்பு நின்றுபோவது மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இரண்டு. அருகருகே உள்ள பாடசாலைகள் சேர்ந்து, விரும்பும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இலக்கிய நய வகுப்பு நடத்துவது. பிள்ளைகள் எழுதியவற்றைத் தொகுத்துச் சிறு கையெழுத்துப் பிரதியாக எல்லாப் பாடசாலை நூலகங்களுக்கும் கொடுப்பது. இரண்டையும் இன்றைய பொதுக்கூட்டம் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்றால், தை மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தமது வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளின் எழுத்தை, பிழை திருத்தாமல், அப்படியே கொண்டு வாருங்கள்.

செயலாளர்