காரைக்குடிக்குப் போகும் செல்விக்கு

ரங்கூன்

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

நீ போனில் சொன்ன திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. மதுரையில் இறங்கி, காலையில் கார் எடுத்து, காரைக்குடியைச் சுற்றிவிட்டு ராத்திரிக்குள் மதுரைக்கே திரும்பிவிடுவேன் என்றாய். அப்படிப் போனால் நீ கார் கண்ணாடியைத்தான் பார்த்துவிட்டு வருவாய். மத்தியானம் அங்கே கோயில் நடை சாத்திவிடுவார்கள். வெயிலில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ஊர் மறுபடி எழுந்திருக்கும். மூன்று ராத்திரியாவது தங்கு.

மதுரையும் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கே நேர் விமானம் இருக்கிறது. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான், காரைக்குடிக்குப் போகிற வழியும் அதுவே. தொண்ணூறு கிலோமீட்டர் சுமார், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகும். நடுராத்திரியில் இறங்கும் விமானமாக இருந்தால் திருச்சியிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்பு. பகலில் போனால் திருமயத்தில் பாறை மேல் கோட்டை தெரியும். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டியது. இறங்கி ஏறிப் பார்க்க நேரமிருந்தால் பார். தை மாதம் போவது நல்லதுதான், வெயில் தாங்கும். ஆனால் பொங்கலை ஒட்டிய நாட்களில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பண்டிகை கழிந்து போ.

தங்கும் இடத்தைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். நம் முகமும் பேச்சும் தமிழாக இருந்தாலும் பாஸ்போர்ட் பர்மாவுடையது. வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் அந்த விவரத்தை அரசுக்குப் பதிந்து அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜ்களில் சிலர் அந்த வேலைக்குத் தயங்கி இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மாமாவும் நானும் பெட்டியோடு வாசலில் நின்றிருக்கிறோம், அதனால் சொல்கிறேன். முன்பே போன் செய்து, பர்மா பாஸ்போர்ட் என்று சொல்லி, சரி என்றால் மட்டும் பணம் கட்டு. அத்தை வீட்டில் தங்கினாலும் அவர்களும் அதைப் பதியத்தான் வேண்டும். விசாவையும் பாஸ்போர்ட்டையும் நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்.

ஊருக்குள் சுற்ற டவுன் பஸ் போதும். முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, 2021-இல் இருந்து அப்படித்தான். ஏறி உட்கார்ந்து போகிற இடத்தைச் சொன்னால் கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். ஆட்டோவில் ஏறும் முன் கூலி பேசிவிடு, மீட்டர் பேச்செல்லாம் அங்கே கிடையாது. எல்லாக் கடையிலும் போனை வைத்துப் பணம் கட்டுகிறார்கள், ஆனால் அதற்குப் பெரும்பாலும் அந்த ஊர் வங்கிக் கணக்கு வேண்டும். நீ பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்.

பிள்ளையார்பட்டிக்குக் காலையில் முதல் வேலையாகப் போய்விடு. பாறையிலேயே குடைந்த பிள்ளையார், இரண்டே கை, தும்பிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். வரும் வழியில் குன்றக்குடி மலை ஏறு. தைப்பூசத்துக்கு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் காவடி அங்கிருந்துதான் பழனிக்கு நடந்து புறப்படும். நீ போகிற நாட்களில் காவடி கிளம்பினால் ஓரமாக நின்று கும்பிட்டுக்கொள்.

செட்டியார்களின் பெரிய வீடுகள் இருக்கும் கானாடுகாத்தானுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கு. வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் முற்றம், சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் தேக்குத் தூண்கள். அந்தத் தேக்கு நம் நாட்டுக் காட்டிலிருந்து கப்பலில் போனது. சுவரைத் தொட்டுப் பார், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி வழவழவென்று தேய்த்திருப்பார்கள். பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் பங்காளிகள் வந்து திறப்பார்கள். சில வீடுகளில் சின்னத் தொகை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். பூட்டியிருந்தால் பக்கத்தில் காவல்காரரைக் கேள், ‘ரங்கூனிலிருந்து வந்திருக்கிறேன்’ என்று சொல். எனக்கு அந்த ஒரு சொல்லுக்கே கதவு திறந்தது, காபியும் கிடைத்தது. கார் டிரைவரோடு போய் நின்றால் இது நடக்காது.

உன் கொள்ளுத்தாத்தா இங்கே மொகல் தெருவில், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில், ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாக இருந்தவர். அந்தக் கடையின் பணப்பெட்டியடியில் உட்கார்ந்து அவர் எழுதிய பேரேட்டுப் பணம்தான் எங்கேயோ இப்படி ஒரு தூணாக நிற்கிறது என்று எனக்கு அங்கே தோன்றியது. கடனுக்கு அடகு வைத்த நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுடைய நெல்லும் அதில் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் நினைத்துக்கொண்டு பார் கண்ணு, அழகை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வராதே.

ஆத்தங்குடி பக்கம்தான். கண்ணாடிப் பலகை மேல் சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டுத் தரைக்கல் செய்வார்கள். சூளையே கிடையாது, வெயிலும் தண்ணீரும்தான். பட்டறைக்காரரிடம் கேட்டால் நின்று பார்க்க விடுவார். கல் வாங்காதே, கனம்.

சாப்பாட்டைப் பற்றி நீயே கண்டுபிடிப்பாய். ஆனால் கவுனி அரிசி கட்டாயம் சாப்பிடு. இங்கே தெருவோரத்தில் எள்ளும் தேங்காயும் போட்டு விற்கிறார்களே கறுப்பு ஒட்டரிசி, அதுதான். செட்டியார்கள் கொண்டுபோய் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கல்யாணப் பந்தியில் வைத்துவிட்டார்கள்.

பர்மா காலனிக்குப் போகாமல் வந்துவிடாதே. 1964-இல் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு பெரியப்பா வீட்டார் கப்பல் ஏறி அங்கே போய்விட்டார்கள். தாத்தா மட்டும் போகவில்லை. அத்தைக்கு இப்போது காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசு. நம் ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ், மொஹிங்கா வைக்கிறேன் என்பாள், வேண்டாம் என்று சொல்லாதே. போகும்போது முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைப் பொடியும் ஒரு நல்ல லுங்கியும் கொண்டுபோ, இங்கிருந்து வரும் ஆளிடம் உனக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

திரும்பும்போது சென்னை வழியாகப் போவதானால் பல்லவன் ரயில் காரைக்குடியிலிருந்தே புறப்படுகிறது, விடியும் முன்பே. முதல் நாள் ராத்திரியே ஆட்டோவுக்குச் சொல்லி வை. ரயில் சீட்டை 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறார்கள், அன்றைக்கே எடுத்துவிடு.

விசா வந்ததும் தேதியைச் சொல். அத்தை வீட்டுக்கு நான் போன் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா