கேப்சிடபைன் மாத்திரையும் கீமோதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடல், மார்பகப் புற்றுநோய்க்கு வீட்டில் சாப்பிடத் தரப்படும் கேப்சிடபைன், மாத்திரை வடிவிலான கீமோதெரபி. ஊசி இல்லையென்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

பெரும்பாலும் 14 நாள், காலையும் இரவும். பிறகு 7 நாள் ஓய்வு. அட்டையில் மீதி இருக்கிறதே என்று ஓய்வு நாளிலும் விழுங்கினால் ரத்த அணுக்கள் மீள அவகாசம் கிடைக்காது. காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் முழுதாக விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாக்கக் கூடாது.

இம்மருந்தால் உள்ளங்கை, உள்ளங்கால் எரியலாம், தோல் உரியலாம். நம் நிறத்தில் சிவப்பைவிடக் கருமையே முதலில் கண்ணில் படலாம். இதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார். ஒரு நாளில் வழக்கத்தைவிட 4 முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு, இரவிலும் எழுந்து மலம் கழிக்கப் போகும் நிலை, சாப்பிட முடியாத வாய்ப்புண், 100.4 டிகிரி காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். நெஞ்சுவலி என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து), ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து) எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சத்து மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலமும் இம்மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும்.

மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் கையுறை அணியட்டும். உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மீந்ததைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள்.

- மருந்தாளுநர்கள் சிலர், மதுரை