மாவுக்கடை அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் வட்டத்து மக்களுக்கு வணக்கம்.

2021 செப்டம்பர் 12 மெகா முகாமில் கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசியின் முதல் ஊசி போட்டவர்களுக்கு, இரண்டாவது ஊசிக்கான 84 நாள் டிசம்பர் 5-ஆம் தேதியோடு நிறைந்தது. பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வந்து இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வியாசர்பாடியில் இது நடக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. நடந்துவிட்டது. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்பதால் முகாம் குழு இந்த மடலை எழுதுகிறது.

கார்ப்பரேஷன் பள்ளிக்கு எதிரே மாவுக்கடை வைத்திருக்கும் அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான். நீங்கள் கொடுத்தது ஒரு செல்போன் நம்பர். கேட்கிறவர்களுக்கு இது சின்ன உதவியாகத் தெரியலாம். அதனால்தான் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

கோவின் என்ற அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளத்தில் பெயர் ஏற ஒரு போன் நம்பரும் ஓர் அடையாள அட்டையும் வேண்டியிருந்தது. 2021-இல் ஒரு நம்பரில் நான்கு பேரைத்தான் சேர்க்க முடிந்தது. போனே இல்லாத ஆயாக்கள், வெளியூரில் இருக்கும் மகனின் நம்பரை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் தாத்தாக்கள், ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் போனவர்கள் என்று வரிசையில் பலர் நிற்பார்கள். பின்னால் நிற்கும் யாரோ பரிதாபப்பட்டுத் தன் நம்பரைக் கொடுப்பார். முதல் ஊசி முடிந்துவிடும். சிக்கல் அடுத்த ஊசியில்தான். நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். நாள் தப்பி, ஆள் வந்து சேர்ந்தாலும் எந்த நம்பர் என்று சொல்லத் தெரியாது. வேறு நம்பர், போன தடவை ஆதார், இந்தத் தடவை வோட்டர் ஐ.டி. என்று பதிந்தால் கம்ப்யூட்டர் அவரைப் புது ஆளாகவே எடுத்துக்கொள்ளும். போட்டது இரண்டு ஊசி, கையில் கிடைப்பது இரண்டு முதல் டோஸ் சான்றிதழ். அதைத் திருத்த அலைகிற அலைச்சலைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், ஊசியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவார்.

உங்கள் நம்பரில் நான்கு பேர் நிறைந்ததும் உங்கள் பையனின் நம்பர், பிறகு மாடி வீட்டுக்காரர்களின் நம்பர், கிரைண்டர் போடுகிற தம்பியின் நம்பர் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். அதோடு விடவில்லை. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் தினத்தாள் காலண்டரைப் புரட்டி, கோவிஷீல்டு என்றால் 84-ஆம் நாள், கோவேக்சின் என்றால் 28-ஆம் நாள் தாளில் பெயர், காட்டிய அட்டை, போன் நம்பரின் கடைசி நான்கு எண்கள் மூன்றையும் எழுதி வைத்தீர்கள். கோவிஷீல்டுக்கு நீலப் பேனா, கோவேக்சினுக்குச் சிவப்பு. முதலில் போட்ட மருந்தையேதான் மறுபடியும் போட வேண்டும் என்பதால் அந்த நிற வித்தியாசம் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி மாளாது. மாவு வாங்க வருகிறவர்களிடம், "ஆயா, சனிக்கிழமை உனக்கு ரெண்டாவது ஊசி. அதே ஓட்டு கார்டையே எடுத்துனு வா" என்று நீங்கள் சொன்னது, எந்த எஸ்.எம்.எஸ்.ஸை விடவும் பெரிய வேலை செய்தது.

இன்னொன்றும் செய்தீர்கள். காய்ச்சல் வரும் என்பதை மறைக்கவில்லை. "ராத்திரி உடம்பு வலிக்கும், அனலா இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல சரியாப் பூடும், டாக்டர் குடுக்குற பாராசிட்டமால போட்டுக்கோ" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினீர்கள். ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் போடப்பட்டவர், ராத்திரி உடம்பு கொதித்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். மறுநாள் தெருவே பயப்படும். மூட்டை தூக்குகிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இரண்டு நாள் படுக்கை என்றால் இரண்டு நாள் கூலி போச்சு. நகரத்து ஏழைகளின் தயக்கத்தை அறியாமை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டால், குடித்தால் ஊசி கூடாது என்ற பேச்சு பரவி, அக்டோபரில் அரசே முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்த மாற்றத்தை நாங்கள் மனதார வரவேற்றோம். ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் வேலைக்குப் போக முடிந்ததே!

பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு 17 அன்று மறைந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு வெளிவந்தது அக்டோபரில். நடுவில் ஆறு மாதம் அந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது. கேட்டவர்களை யாரும் முட்டாள் என்று சொல்லாமல் பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்படிப் பொறுமையாகப் பதில் சொன்ன நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும், மாதவிலக்கு நாட்களில் போடலாமா என்று கூச்சத்தோடு கேட்ட பெண்களைத் தனியே அழைத்து, தாராளமாகப் போடலாம் என்று தெளிய வைத்த வீடு வீடாகக் காய்ச்சல் சர்வே எடுத்த பெண்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஒரு மருந்துக் குப்பியில் 10 டோஸ், ஆளுக்கு அரை மில்லி. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். சாயங்காலம் மூன்று பேர் மட்டும் நிற்கும்போது திறப்பதா, திருப்பி அனுப்புவதா என்று கை தயங்கும். திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி வருவது அபூர்வம். அந்த நேரங்களில் தெருவுக்குள் ஓடி மீதி ஏழு பேரைக் கூட்டி வந்த கேரம் கிளப் தம்பிகளுக்கும், குப்பியில் கூடுதலாக இருக்கும் துளியில் பதினோராவது டோஸும் எடுத்த நர்சம்மாக்களுக்கும் நன்றி. வெறும் வயிற்றோடு பயந்து வந்து மயங்கி விழுகிறவர்களைப் பார்த்துவிட்டு, மறுவாரமே இட்லிப் பாத்திரத்தோடு வந்த மகளிர் குழுவுக்கும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார நாற்காலி கொடுத்த சாமியானாக் கடைக்காரருக்கும், வெள்ளிக்கிழமை தொழுகையிலும் ஞாயிறு ஜெபத்திலும் கோயில் மைக்கிலும் அறிவித்தவர்களுக்கும் நன்றி.

இனி எங்கள் முகாம் எது நடந்தாலும், வாசலிலேயே ஒருவர் தினத்தாள் காலண்டரோடு உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் வரும் என்பதை ஊசி போடும் முன்பே சொல்வோம்.

இரண்டாவது ஊசி பாக்கி இருப்பவர்கள் நாள் தள்ளிப்போய்விட்டதே என்று தயங்க வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. வரும் சனிக்கிழமை காலை சாப்பிட்டுவிட்டு, முதல் ஊசிக்குக் கொடுத்த அதே நம்பர், அதே அட்டையோடு பள்ளிக்கு வாருங்கள். நம்பர் மறந்திருந்தால் எதிரே மாவுக்கடையில் கேளுங்கள்.

அன்புடன்,
முகாம் குழுவினர்