அந்தக் குதிரைகளைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

போனில் சொல்லாமல் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள். போனில் நீ இரண்டு நிமிஷத்தில் "நல்லாத்தான்பா இருக்கேன், மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி. ஆனால் தீபாவளிக்குப் பிறகு நீ ஒருமுறைகூட வீடியோவில் முகம் காட்டவில்லை. சரி, அது இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

உனக்கு ஏழு வயதிருக்கும். நம்ம வேலூர் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தாய். "சாமி கோயில்ல எதுக்குப்பா இத்தனை குதிரை?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "பேசாம வா, பஸ் போயிடும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரிட்டையர் ஆனதிலிருந்து மத்தியானம் நூலகத்துக்குப் போகிறேன், விஜயநகரம் பற்றி அங்கே இருப்பதையெல்லாம் படித்துவிட்டேன், இப்போது பதில் தெரியும்.

அந்த மண்டபம் விஜயநகர ராஜாக்கள் காலத்தது. அந்த ராஜாக்களுக்குக் குதிரைதான் உயிர். வடக்கே பாமினி சுல்தான்களிடம் பெரிய குதிரைப்படை இருந்தது. அதை எதிர்த்து நிற்க அதே மாதிரி குதிரை வேண்டும், அது இந்தப் பக்கம் சரியாக வளராது. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் வர வேண்டும். நூனிஸ் என்று ஒரு போர்ச்சுகல்காரர், அவரே குதிரை வியாபாரி, எழுதி வைத்திருக்கிறார்: சாளுவ நரசிம்மர் என்ற விஜயநகர ராஜா ஆயிரம் பொன்னுக்கு மூன்று குதிரை என்று வாங்குவாராம், வழியில் கடலில் செத்துப்போனதற்குக்கூட வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் முழுப் பணம் கொடுத்துவிடுவாராம். அப்படி விலை கொடுத்து வாங்கியதைத்தான் சிற்பிகள் ஸ்ரீரங்கத்திலும் நம்ம ஊரிலும் தூண் தூணாக முன்னங்காலைத் தூக்கி நிற்க வைத்திருக்கிறார்கள். நீ அந்தத் தூக்கிய காலின் குளம்பை மட்டும் நாலு பக்கம் வரைந்திருந்தாய், எனக்கு நினைவிருக்கிறது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்காதே, கண்ணைப் பார்த்துக்கொள்.

போன ஜனவரியில் ஹம்பி போனோமே, விஜயநகரத் தலைநகர் இருந்த இடம், அங்கே கிருஷ்ணர் கோயில் என்று ஒன்று. கிருஷ்ணதேவராயர் கட்டியது. ஒரிசா ராஜா கஜபதியிடமிருந்து உதயகிரிக் கோட்டையைப் பிடிக்க 1513-ல் போனார், அது நெல்லூர்ப் பக்கம் மலை மேல் இருக்கிற கோட்டை. பாறையை உடைத்து வழி போட்டு, ஒரு வருஷத்துக்கும் மேல் முற்றுகை போட்டு, 1514-ல்தான் பிடித்தார். வரும்போது அங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலையைக் கையோடு எடுத்து வந்து, அந்தக் குழந்தைக்காகவே கோயில் கட்டி 1515-ல் பிரதிஷ்டை செய்து, அதைக் கல்வெட்டாகவும் நிறுத்தியிருக்கிறார். கோபுரத்தில் சுதையில் குதிரையும் யானையும் வீரர்களுமாக அந்தப் போரே இருக்கிறது. உள்ளே போனால் கருவறை காலி. ஐம்பது பேர் வந்த பஸ்ஸில் எல்லோரும் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், எனக்குக் கால் நகரவில்லை.

பக்கத்திலேயே ஒற்றைப் பாறையில் நரசிம்மர், 22 அடி இருப்பார். 1565 தலைக்கோட்டைப் போரில் சுல்தான்களிடம் தோற்ற பிறகு நகரத்தையே பாழாக்கினார்களே. மடியில் இருந்த லட்சுமி இப்போது இல்லை. அவர் முதுகை அணைத்த அவள் கை மட்டும் அப்படியே ஒட்டியிருக்கிறது. பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். உன்னிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த பாலகிருஷ்ணர் இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கச் சென்னை போனோமே, அன்று ரயிலுக்கு நேரம் இருந்தது, அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு வெண்ணெய் வைப்பாங்க" என்றாள். அப்புறம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசினாள். உன் சித்தி மகன் என்னவோ சொன்னானாம், உங்கள் ஆபீசில் ஆள் குறைக்கிறார்கள் என்று. நான் அவனை நம்பவில்லை. நீ புனேவில் ஒண்டியாக இருந்து தங்கை படிப்புக்கும் பணம் அனுப்பியவள், நம் குடும்பத்தில் எவரும் செய்யாததைச் செய்தவள், தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எதுவானாலும்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன், படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. கிருஷ்ணதேவராயர் ஆறு வயது மகனுக்குத் தன் காலத்திலேயே பட்டம் கட்டினாராம். எட்டு மாதத்தில் பையன் செத்துப்போனான். விஷம் வைத்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, அப்பாஜி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மந்திரி திம்மரசரையே பிடித்துக் கண்ணைப் பிடுங்கிவிட்டார் என்று அதே நூனிஸ் எழுதுகிறார். இத்தனைக்கும் இந்த ராஜா பட்டத்துக்கு வருவதற்கு முன் கண் தப்பியதே அந்த மனுஷரால்தான். சாகும் தறுவாயில் இருந்த அண்ணன், தம்பியான இவர் கண்ணைப் பிடுங்கச் சொன்னபோது, திம்மரசர் ஆட்டின் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டிக் காப்பாற்றினாராம். விசாரிக்காமல், கோபத்தில், தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் ராஜா செய்துவிட்டார்.

பாப்பா, நீ பிளஸ் டூ முடித்த மே மாதம் உன் வரைபட நோட்டுகள் காணாமல் போனதே, பதினொரு நோட்டு. வெள்ளையடிக்க வந்தவர்கள் குப்பையோடு வாரிவிட்டார்கள் என்று சொன்னேன். அது பொய். நான்தான் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். ஓவியக் கல்லூரி என்ற பேச்சு அதோடு நிற்கும் என்று நினைத்தேன். கவுன்சலிங்குக்கு நாலு நாள்தான் இருந்தது, எனக்குப் பயம், கடன் வேறு இருந்தது. அம்மாவுக்குக்கூட இதுவரை தெரியாது. அந்தப் பெயிண்டர் அண்ணனிடம் நீ அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நான் ஆபீஸ் போய் வந்தேன்.

இதைச் சொன்னால் நீ போன் செய்வதையே நிறுத்திவிடுவாயோ என்று மூன்று முறை கிழித்துவிட்டு நாலாவது முறையாக எழுதுகிறேன்.

ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பி வந்த 1981-ல் எனக்கு 18 வயது. அதுவரை அவ்வளவு பெரிய கோயிலில் சாமி இல்லை, நாங்கள் காலி மண்டபத்தைத்தான் சுற்றிப் பார்ப்போம். அன்றைக்கு இருந்த கூட்டத்தை இப்போது நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய் உன் தூணை நாலு பக்கமும் போனில் படம் எடுத்தேன். கை ஆடியதில் இரண்டு மங்கல், மற்றதை அனுப்புகிறேன். மாடி அறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன், இனி காற்றுக்கு அடிக்காது. அம்மா மாவடு போட்டிருக்கிறாள். கண்ணைப் பார்த்துக்கொள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரம் போன் செய், திட்டுவதற்காகவாவது செய்.

அப்பா