ஆறு பேரோடு தொடங்கிய கல்லூரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி கடற்கரைக்கு நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பரத் ஜோலியெட் ஜூனியர் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டான். ஆகஸ்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர்கிறான்.

"ஏன் அவனை முதலிலேயே நல்ல கல்லூரியில் சேர்க்கவில்லை?" என்று கேட்டிருந்தாய். என் நாத்தனாரும் அதைத்தான் கேட்டார். இது நல்ல கல்லூரிதான் மல்லிகா. யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்கிறது என்பதாலேயே மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் இதன் பெருமையாகப் படுகிறது.

ஜோலியெட், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவுக்குத் தென்மேற்கே இருக்கும் ஊர். கல் குவாரி, கால்வாய், இரும்பாலை என்று உழைப்பாளிகளால் வளர்ந்தது. 1901-இல் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியை நடத்திய ஜே. ஸ்டான்லி பிரவுனும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கலந்து பேசி ஒரு வழி செய்தார்கள். பள்ளி முடித்த பிள்ளைகள் வெளியூர் போகாமல், பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களை அதே பள்ளியில் படிக்கலாம். முதலில் சேர்ந்தது ஆறே பேர். அடுத்த ஆண்டே பள்ளி வாரியம் இதை முறைப்படி ஏற்று, கட்டணமும் வேண்டாம் என்றது. தொடக்கப் பாடங்களை வேறு இடத்தில் நடத்தினால் பல்கலைக்கழகம் உயர் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் கவனம் வைக்கலாம் என்பது ஹார்ப்பரின் கணக்கு. ஆனால் பிள்ளையை விடுதியில் வைத்துப் படிக்க வைக்க முடியாத குடும்பங்களுக்கு, வீட்டுச் சாப்பாட்டோடு கல்லூரி கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அரசே படிப்புச் செலவைக் கொடுத்தது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட கல்லூரிகள், அதாவது சமுதாயக் கல்லூரிகள் வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947-இல் சொன்னது. இல்லினாயில் 1965-இல் வந்த சட்டம்தான் பெரிய திருப்பம். அதன் பிறகு இந்தக் கல்லூரி பள்ளியிலிருந்து பிரிந்து, தனக்கென்று ஒரு கல்லூரி மாவட்டமும் (அதாவது அது சேவை செய்யும் பகுதி), அங்கிருந்து வரி வருமானமும் பெற்றது. எங்கள் வீட்டு வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிர்வாகக் குழுவையும் நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். இன்றைக்கு நர்ஸிங், வெல்டிங், சமையற்கலை, தோட்டக்கலை எல்லாம் அங்கே உண்டு. பரத்தின் வகுப்பில் பகலில் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்து படித்த ஓர் அம்மா இருந்தார். அவரோடு சேர்ந்து படித்ததில் இவனுக்குப் பொறுப்பு வந்தது.

ஒரு வருத்தமும் உண்டு. சேருகிறவர்களில் பலர் முடிப்பதில்லை. வேலை, குழந்தை, பணக்கஷ்டம் என்று நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது, கடைசிவரை கூட நிற்க ஆள் வேண்டும். பாடம் சொல்லித்தரத் தனி மையம், படிப்பு ஆலோசகர்கள் எல்லாம் இருக்கிறார்கள். இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

அப்புறம், உன் அக்கா பேத்தி ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே. உங்கள் லாஸ்பேட்டையிலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரி இருக்கிறது. அவளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துப் பாரேன். என்ன படிப்பெல்லாம் இருக்கிறது, அவளுக்கு எது பிடித்தது என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
வசந்தா